நான்கு கோடு போட்ட தண்ணீர்ப் போத்தல்

இன்று காலை உம்முடைய தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்தேன். இறுகிப் போயிருந்தது. துணியால் பிடித்துத் திருப்பியபோது பழைய பிளாஸ்டிக்கின் மணமும், அதற்குக் கீழே உப்பும் புழுதியும் கலந்த ஒரு மணமும் வந்தன. மொன்றியலின் ஓரத்து ரொக்ஸ்பரோவில் எங்கள் குசினி யன்னலுக்கு வெளியே, வேலியோரப் பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை. அந்த மணத்தை இன்னொரு தரம் மூக்கில் இழுத்தேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போனவரோடு கோபிக்கக் கூடாது என்று அம்மா சொல்லுவா. நான் கோபிக்கிறேன்.

போத்தலைத் தந்தவள் உம்முடைய தங்கச்சி. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, செயின்ட்-மிஷேலில் உங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு பழைய துவாயில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். உமது சாமான்களில் எனக்கென்று நீர் ஒதுக்கி வைத்தது இது ஒன்றுதானாம். அதன் வயிற்றில் நீர் கத்தி நுனியால் கீறிய நான்கு கோடுகளும் அப்படியே இருந்தன.

அன்றிலிருந்து எனக்குள் ஒரே கேள்விதான். மாசி மாதம் தொலைபேசியில் நீர் சொன்ன அந்த "வேண்டாம்" உண்மையா, பொய்யா? பதில் சொல்ல நீர் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

நாங்கள் இருவரும் கடைசிவரை "நீர்" போட்டுத்தான் கதைத்தோம். பல்கலைக்கழக வகுப்பில் நாங்கள் இரண்டே இரண்டு தமிழர். நீர் என்னைவிட ஆறு வயது மூத்தவர்; பின்னேரங்களில் துறைமுகத்துப் பக்கக் களஞ்சியமொன்றில் பெட்டி இறக்கிவிட்டு, காலையில் வகுப்புக்கு வந்து பின்வாங்கில் நித்திரை கொள்ளுகிற ஆள். நான் ரொக்ஸ்பரோவில் வளர்ந்த, குறிப்பெல்லாம் ஒழுங்காக எழுதுகிற பெண். என் குறிப்புகளை நீர் இரவல் வாங்கினீர். பதிலுக்கு, களஞ்சியத்தில் கூட வேலை செய்தவர்களிடம் பொறுக்கிய ஸ்பானிய வார்த்தைகளை எனக்குச் சொல்லித் தந்தீர். பாதி கெட்ட வார்த்தைகள் என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் வருட முடிவில், மெக்சிக்கோவின் வடமேற்குக் கரைக்குப் பத்து நாள் களப் பயிற்சிக்குப் போனோம். பாலைவனம் நேராகக் கடலுக்குள் இறங்குகிற இடம் அது. ஆளைப்போல் ஐந்து மடங்கு உயரத்தில் கள்ளிகள் தூண் தூணாக நிற்க, அவற்றின் காலடியில் அலை வந்து போகும். எவ்வளவோ தலைமுறையாக அந்தக் கரை அங்கிருந்த ஆதிக்குடி மக்களின் நிலம். கடற்கரையில் சிறிய ஊர். எங்களைத் தங்கவைத்து, மரஞ்செடிகளையும் வழிகளையும் காட்டித்தர அவர்கள் சம்மதித்திருந்தார்கள். எங்களுக்குப் பொறுப்பாக வந்தவள் மர்த்தா. ஐம்பது வயதிருக்கும், நீளப் பாவாடை, கணீரென்ற குரல். முதல் நாளே பேராசிரியரின் வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, அதில் நீரூற்று என்று குறித்திருந்த இடத்தில் தன் பாட்டன் காலத்திலேயே தண்ணீர் இல்லை என்று சொல்லிச் சிரித்தாள். பேராசிரியரும் அதை அழித்தார்.

ஊருக்குக் குடிநீர் பட்டினத்திலிருந்து பவுசர் லொறியில் வந்தது. அதைக் கண்டவுடன் நீர் என் பக்கம் திரும்பி, மன்னாருக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்றீர். அந்தப் பத்து நாளில் நீர் உமது ஊரைப் பற்றிப் பகிடியாகச் சொன்னது அது ஒன்றுதான். கடலுக்குள் மற்ற மாணவர்கள் விழுந்தடித்துக் குளிக்கப் போனபோது நீர் கரையில் சப்பாத்தோடு இருந்தீர். மீன்பிடிகாரன் மகனுக்குத் தண்ணீரில் பயமா என்று கேட்டேன். நீர் சப்பாத்துக் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினீர்.

ஐந்தாம் நாள் காலை. அந்தக் கிழமை பவுசர் வரவில்லை. நாங்கள் தங்கிய வீட்டுப் பீப்பாவில் தண்ணீர் முட்டிக்கால் உயரத்துக்கு இறங்கியிருந்ததை நான் கண்டிருந்தேன். மர்த்தா ஒரு தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு எங்கள் வட்டத்தைச் சுற்றி வந்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு, நீட்டிய போத்தலை நிரப்பினாள். என்னிடம் வந்தபோது நான் சிரித்து, கையை நெஞ்சில் வைத்து, வேண்டாம், நன்றி என்றேன்.

இதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. எனக்குத் தண்ணீர் வேண்டும். என் போத்தலில் பாதிகூட இல்லை. ஆனால் முதல் தரம் கேட்டதும் வாங்கக் கூடாது என்பது என் எலும்புக்குள் இருந்தது. "கேட்ட உடனை கையை நீட்டினா, பிள்ளையை வளர்த்த வளர்ப்புச் சரியில்லை எண்டு சொல்லுவினம்" என்று அம்மா எந்த வீட்டு வாசலிலும் எனக்கு ஞாபகப்படுத்துவா. எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு முறை உண்டு: நாங்கள் வேண்டாம் என்போம், அவர்கள் சும்மா குடியுங்கோ என்பார்கள், நாங்கள் மறுபடி வேண்டாம் என்போம், அதற்குள் கோப்பை கைக்கு வந்துவிடும். மர்த்தாவுக்கு அந்த முறை தெரியாது. அவள் என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், தலையாட்டினாள், கானின் மூடியை இறுக்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

நீர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தீர். "ரொக்ஸ்பரோப் பிள்ளைக்குத் தண்ணி வாங்கவும் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தீர். போய்க் கேளும் என்றும் சொன்னீர். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வீம்பு வந்தது. போதுமான தண்ணீர் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வான் வண்டியில் ஏறினேன்.

எங்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்துவிட்டார்கள். கரையிலிருந்து உள்ளே நேர்கோட்டில் அளவுநாடா பிடித்து, ஐம்பது மீற்றருக்கு ஒரு செம்மஞ்சள் கொடி நட்டு, வழியிலுள்ள கள்ளிகளின் உயரத்தை எழுத வேண்டும். உச்சி வெயிலுக்கு முன்னர் எல்லோரும் கரையில் நிற்கும் வானுக்குத் திரும்பிவிட வேண்டும். நீர் கோல் பிடித்தீர், நான் எழுதினேன். நடுவில் மூன்று தரம் தண்ணீர் குடியும் என்று சொன்னீர். மூன்று தரமும் குடித்துவிட்டேன் என்றேன். என் போத்தல் எட்டாவது கொடியிலேயே காலி. திரும்புவோமா என்று நீர் கேட்டபோது, மிச்சத்தையும் முடித்துவிட்டுப் போவோம் என்று பிடிவாதம் பிடித்தவளும் நான்தான்.

என்னைக் காட்டிக்கொடுத்தது என் கொப்பி. ஏதோ ஒரு கொடியில் நீர் அதை வாங்கிப் பார்த்தீர். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஏழு கள்ளிக்கு ஒரே உயரத்தை எழுதியிருந்தேன். எனக்கு அது பிழையாகவே தெரியவில்லை. நீர் என் முகத்தைப் பார்த்தீர். வியர்வை நின்று, தோல் காய்ந்துபோயிருந்ததாம். "உம்மட போத்தலைத் தாரும்" என்றீர். தலைகீழாகக் கவிழ்த்தீர். ஒரு துளி விழவில்லை.

உம்மை அதற்கு முன்னும் பின்னும் அப்படி நான் கண்டதில்லை. முகம் செத்துப் போயிற்று. ஏசுவீர் என்று பார்த்தேன். நீர் உமது போத்தலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தீர். உம்முடையதிலும் அடியில்தான் கொஞ்சம் இருந்தது. கத்தியை எடுத்து, தண்ணீர் நிற்கிற மட்டத்திலிருந்து கீழே நான்கு கோடு கீறினீர்.

"இங்கை பாரும். உமக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். அஞ்சு கொடிக்கு ஒரு கோடு. விளங்குதே?"

தலையாட்டினேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. உமது சேட்டைக் கழற்றி என் தலையில் போட்டீர், கையைப் பிடித்துக்கொண்டு கொடி கொடியாகத் திரும்பி நடந்தீர். கீழே கடல் நீலமாகக் கிடந்தது. அவ்வளவு தண்ணீரைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு தாகத்தில் நடப்பது என்னவென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கடலைப் பார்க்க வேண்டாம், உமது முதுகைப் பார்த்து நடக்கச் சொன்னீர். ஐந்து கொடிக்கு ஒரு தரம் நிறுத்தி, முதலில் எனக்கு ஒரு வாய் தந்து, பிறகு நீர் கற்பாறைப் பக்கம் திரும்பி நின்று குடித்தீர். மூன்றாவது கோட்டில் என் முழங்கால் மடிந்தது. ஒரு மரத்தின் சின்ன நிழலுக்குள் என்னை இழுத்துப் போட்டுவிட்டு, நீர் எழுந்து நின்று கத்தினீர். ஸ்பானிய மொழியில் தொடங்கி, பிரெஞ்சுக்கு மாறி, கடைசியில் தமிழில் கத்தினீர். யாரும் வருவதாக இல்லை. என்னைத் தனியே விட்டுவிட்டுப் போவதா, கூட இருப்பதா என்று நீர் உமக்குள்ளேயே கதைத்தது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

மர்த்தா வந்தாள். மற்றவர்கள் வானுக்குத் திரும்பியிருக்க, நாங்கள் இருவரும் இல்லாததைக் கண்டவுடன், பேராசிரியர் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவள் கானைத் தூக்கிக்கொண்டு கொடிகளைப் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டாளாம். என் பக்கத்தில் குந்தினாள். இந்தத் தரம் கேட்கவில்லை. ஒரு குவளையை என் கையில் வைத்து, என் விரல்களை அதைச் சுற்றி மடக்கி, நான் குடித்து முடிக்கும்வரை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு இன்னொன்று. தலையிலும் கழுத்திலும் ஊற்றினாள். உமது போத்தலின் கோடுகளைக் கண்டுவிட்டு உமக்கும் நல்ல பேச்சு விழுந்தது. தண்ணீர் போத்தலுக்குள் இருந்து என்ன செய்யப் போகிறது, ஆளின் வயிற்றுக்குள் அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்டாளாம்.

அன்று பின்னேரம் வாசல் மணலில் இருந்துகொண்டு அவள் சொன்னதை நீர் எனக்கு மொழிபெயர்த்தீர். காலையில் தான் கேட்டதாகவும் நான் இல்லை என்றதாகவும், வளர்ந்த பெண்ணொருத்தியின் சொல்லைத் தான் எதற்காகப் பொய்யாக்க வேண்டும் என்றும் கேட்டாள். அவள் கோபத்தில் மரியாதை இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அழுதேன்.

அவள் உள்ளே போன பிறகுதான் நீர் உமது அம்மாவைப் பற்றிச் சொன்னீர். அதுவரை அம்மா இல்லை என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். மன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் படகில் போகும்போது ஓட்டி உங்களை நடுக்கடல் மணல் தீடையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டான். இரண்டு பகல் தீடையில். உமக்குப் பதினாலு வயது, தங்கச்சிக்கு ஆறு. முப்பது பேருக்கு ஒரு கான் தண்ணீர்.

"கான் வரேக்கை எல்லாம் அம்மா எனக்குத் தாகமில்லை, பிள்ளையளுக்குக் குடுங்கோ எண்டவ. ஒருத்தரும் ரெண்டாம் தரம் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை. பேந்து இந்தியாக் கரைக்கு ஏத்திக்கொண்டு போய், மண்டபத்திலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவை. அவ திரும்பி வரேல்லை."

மணலைக் கையால் அள்ளிவிட்டுக்கொண்டே சொன்னீர். "இனி எங்கட ரெண்டு பேருக்கும் நடுவில அந்த விளையாட்டு வேண்டாம். ஒருக்காக் கேப்பம். உள்ளதைச் சொல்லுவம். ஓமெண்டா ஓம், இல்லையெண்டா இல்லை. சரியே?"

சரி என்றேன். கைகூடக் கொடுத்தோம். மிச்ச ஐந்து நாளும் மர்த்தா மற்றவர்களிடம் கேட்டுத்தான் ஊற்றினாள். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. குவளையைக் கையில் வைத்துவிட்டு, எதிரே நின்று நான் குடிப்பதைப் பார்த்தாள். அது எனக்கு அவமானமாகவே இருந்தது. இவளுக்கு என்னில் நம்பிக்கை போய்விட்டது என்று நினைத்தேன்.

மொன்றியலுக்குத் திரும்பி நாங்கள் அந்த ஒப்பந்தத்தைக் காப்பாற்றினோம், இல்லையா? முதல் தரம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது தேத்தண்ணி குடிக்கிறீரா தம்பி என்று அம்மா கேட்க, அவ வாய் மூடுமுன் "ஓம், ரெண்டு சீனி" என்றீர். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நீர் போன பிறகு, நல்ல பிள்ளைதான், ஆனால் மன்னாரில் பழக்கம் வேறுபோல என்று இழுத்தா. என் கலியாணத்துக்கு நிச்சயம் வருவீரா என்று கேட்டேன், வருவேன் என்றீர், களஞ்சிய வேலையிலிருந்து நேரே அதே சப்பாத்தோடு வந்தீர். தங்கச்சியின் படிப்பு விண்ணப்பங்களைப் பார்த்துத் தரட்டா என்று கேட்டேன், தேவையில்லை என்றீர், விட்டுவிட்டேன். மற்றவர்களோடு நான் பழையபடி மூன்று தரம் வேண்டாம் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன். உம்மோடு மட்டும்தான் ஒரு சொல் போதுமாக இருந்தது. அது எவ்வளவு இளைப்பாறலாக இருந்தது என்று உமக்கு நான் சொன்னதே இல்லை.

பிறகு ஈரலில் வருத்தம் என்றார்கள். மார்கழியில் ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தேன், பகிடி விட்டீர். தை கடைசியில் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மாசியில் ஒரு சனிக்கிழமை தொலைபேசி எடுத்தேன். உமது குரல் தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. வரட்டா என்று கேட்டேன்.

"வேண்டாம். பனி கொட்டுது. பேந்து வாரும்."

ஒருக்காக் கேட்டேன். நீர் பதில் சொன்னீர். நான் நம்பினேன். அதுதானே எங்கள் சட்டம்? தொலைபேசியை வைத்துவிட்டு உடுப்புத் தோய்க்கப் போனேன். ஒன்பதாம் நாள் தங்கச்சி அழைத்தாள்.

முப்பத்தோராம் நாள் போத்தலை மடியில் வைத்தபோது அவள் இன்னொன்றும் சொன்னாள். அந்தச் சனிக்கிழமை தொலைபேசியை வைத்துவிட்டு நீர் அவளிடம் சொன்னீராம்: "நான் வேண்டாமெண்டன். அவ நம்பியிட்டா." எப்படிச் சொன்னவர், நிம்மதியாகவா, கவலையாகவா என்று கேட்டேன். அவள் யோசித்துப் பார்த்தாள்.

"தெரியாது அக்கா. சிவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர்."

இன்று காலைக்கு வருகிறேன். போத்தலைக் கழுவி, முதல் கோடு வரைக்கும் தண்ணீர் நிரப்பினேன். ஏன் என்று தெரியாது, கை செய்தது. வாயில் வைத்து ஒரு வாய் குடித்தேன். யன்னல் வெளிச்சத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் சரியாக இரண்டாவது கோட்டில் நின்றது. மறுபடி ஒரு வாய். மூன்றாவது கோடு. மறுபடி. நான்காவது.

கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு ஆளுக்குரிய ஒரு வாய். இரண்டு பேர் குடித்திருந்தால் மூன்றாவது கோட்டுக்கு நாங்கள் வந்திருக்கவே மாட்டோம், அதற்கு முன்பே தண்ணீர் முடிந்திருக்கும். உமக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய் என்று சொல்லிவிட்டு, பாறைப் பக்கம் திரும்பி நின்று நீர் வெறும் வாயில் போத்தலைச் சரித்திருக்கிறீர். அந்தப் பின்னேரம் உள்ளதைச் சொல்லுவோம் என்று எனக்குச் சட்டம் போட்டவர், அதே பகல் என் கண் முன்னால் பொய் சொன்னவர். திரும்பி நின்றால் தாகத்தை மறைத்துவிடலாம் என்று உமக்குத் தெரிந்திருந்தது. உமது அம்மாவின் பிள்ளைதானே நீர்.

குசினி நிலத்தில் இருந்து அழுதேன். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது: மாசியில் நீர் சொன்ன வேண்டாமும் அதே பொய்தான். பதில் கிடைத்ததால் ஆறுதல் வரவில்லை. எனக்கு விளங்கியது வேறு ஒன்று. ஒருக்காக் கேட்பதா, மூன்று தரம் கேட்பதா என்று நாங்கள் இருவரும் சட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, மர்த்தா எங்கள் கண் முன்னாலேயே வேறொன்றைச் செய்துகொண்டிருந்தாள். தாகம் என்று தெரிந்த பிறகு அவள் கேட்கவில்லை. கொண்டுவந்து கையில் வைத்தாள், குடிக்கும்வரை நின்றாள். ஐந்து நாள் அதை அவமானம் என்று நினைத்தேனே, அப்படியொரு மடைச்சி நான். உம்மிடம் நான் வரட்டா என்று கேட்டிருக்கவே கூடாது. பனி கொட்டினாலும் வந்து நின்றிருக்க வேண்டும். நீர் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தால் அந்தப் பக்கம் கதிரையைப் போட்டு இருந்திருக்க வேண்டும்.

நேற்றுத் தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்பாவும் முந்தியே போய், நீரும் போய், அந்த வீட்டில் இப்போது அவள் தனிய. கார்டெரி என்கிற குழந்தைக் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்து தனியச் சமைக்கிறாள். வரட்டா என்று கேட்டேன். "ஒண்டும் தேவையில்லை அக்கா, நல்லா இருக்கிறன்" என்றாள். உமது குரலேதான். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இந்த மடலை இதோடு நிறுத்தப் போகிறேன். போத்தலை வாய்வரை நிரப்பிப் பையில் வைத்திருக்கிறேன். சோறும் மீன் குழம்பும் பக்கத்தில் சூடாக இருக்கின்றன. இங்கிருந்து ரயில், பிறகு இரண்டு மெட்ரோ மாறினால் செயின்ட்-மிஷேல். தொலைபேசி எடுக்கப் போவதில்லை. கதவைத் திறந்து, ஏன் அக்கா இந்தக் குளிருக்குள்ள, சும்மா கரைச்சல்பட்டு என்று அவள் தொடங்குவாள். அவள் சொல்லி முடிக்குமுன் நான் சப்பாத்தைக் கழற்றியிருப்பேன்.